துருவும் புளியும்

துருவை இரும்புக்கு வந்த நோய் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரும்பைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லும். பூமிக்குள் அது செம்மண்ணாகவும் செந்நிறக் கல்லாகவும் பிராணவாயுவோடு கூடிச் சுகமாகக் கிடந்தது. மனிதன்தான் அதை வெட்டி எடுத்து, கரியோடு சேர்த்து உலையில் காய்ச்சி, பிராணவாயுவைப் பிரித்து விரட்டிவிட்டு, மிஞ்சியதற்குக் கலப்பை என்றும் கத்தி என்றும் பெயர் வைத்தான். அன்று முதல் இரும்பு பிறந்த வீட்டை நினைத்து ஏங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு சொட்டு நீரும் கொஞ்சம் காற்றும் துணைக்குக் கிடைத்தால் போதும், மூட்டையைக் கட்டிவிடும். இரும்பு பிறந்தகம் திரும்பும் அந்தப் பயணத்துக்குத்தான் துரு என்று பெயர்.

போன இரும்பு போனதுதான். மறுபடி உலையில் இட்டாலொழிய அதைத் திருப்பி அழைத்து வர முடியாது. ஆனால் போனதையும் இருப்பதையும் தனித்தனியே பிரித்து, இருப்பதைக் காப்பாற்றலாம். இந்தக் காரியத்துக்கு ஆதியிலிருந்து மனிதனுக்கு உதவி வந்த பொருள் நம் சமையலறையிலேயே இருக்கிறது. அதுதான் புளிப்பு. அதன் கதையைப் பழைய சைக்கிள் ஒன்றை முன்னால் நிறுத்திக்கொண்டு சொல்ல நினைக்கிறேன். சைக்கிளை எங்கே நிறுத்தலாம் என்றால், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே ஒரு வேலிக்கருவை நிழலில் நிறுத்தலாம். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 16 கிலோ மீட்டர். நிழலுக்கு வேலிக்கருவையைத் தவிர அதிகம் தேர்ந்தெடுக்க வசதியில்லை.

வானம் பார்த்த சீமை அது. 1985-ம் ஆண்டு வரை ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது; பிறகு விருதுநகரோடு சேர்ந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர்களைத் தண்டிக்க வேண்டுமானால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றுவார்கள் என்ற பேச்சு, பெரும்பாலும் அந்தப் பழைய ஜில்லாவை நினைத்துப் பிறந்ததுதான். குண்டாறு திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு போகிறது; வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் தொடுவது மணல்தான்.

இப்படிப்பட்ட பூமியில் சைக்கிள் என்பது உல்லாசப் பொருள் அல்ல. கிராமத்துக்குப் பஸ் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்றிருந்த காலத்தில், நடுவில் இருந்த பகல் முழுவதும் சைக்கிளுடையதாக இருந்தது. அருப்புக்கோட்டை நெசவு ஊர். நூல் கட்டும் சேலைக் கட்டும் அதன் கேரியரில் போயின. மல்லிகை போயிற்று, மிளகாய் மூட்டை போயிற்று, தபால்காரரும் வாத்தியாரும் அதன் மேல்தான் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர்க் குடங்கள் போயின.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். தண்ணீரே இல்லாத ஊரில் துரு எப்படி வந்தது? நியாயமான கேள்விதான். வறண்ட காற்று இரும்புக்கு நல்ல சிநேகிதன். காற்றில் ஈரம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் துரு மிக மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்தப் பூமியிலும் மழை உண்டு. மார்கழியில் பனி உண்டு. அவற்றைவிடப் பெரிய காரணம் உப்பு. அந்தப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பு. துருப் பிடிப்பது என்பது உண்மையில் ஒரு சின்னஞ்சிறு மின்சார வியாபாரம். இரும்பின் மேல் ஓரிடத்தில் இரும்பு கரையும். பக்கத்தில் இன்னோரிடத்தில் பிராணவாயு வரவு வைத்துக்கொள்ளும். நடுவில் ஈரம் தரகராக இருந்து மின்சாரத்தைக் கடத்தும். அந்த ஈரத்தில் உப்பும் சேர்ந்துவிட்டால் தரகருக்கு இரட்டைச் சுறுசுறுப்பு. குடத்திலிருந்து தளும்பி ரிம்மின் மேல் வழியும் உப்புத் தண்ணீர், கடற்கரை ஊர்க் காற்று செய்கிற வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. தண்ணீர் இல்லாத சீமையில் தண்ணீர் சுமந்த பாவத்துக்கே சைக்கிள் துருப் பிடிக்கிறது.

சைக்கிளுடைய பூர்வோத்தரத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் பார்க்கிற உருவத்தில், இரண்டு சமமான சக்கரங்களும் பின் சக்கரத்தைச் சுழற்றும் செயினுமாக அதை வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, 1885-ம் ஆண்டு. மூன்று வருஷம் கழித்து டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். நம் நாட்டுக்கு வெகு காலம் வரை சைக்கிள் கப்பலில்தான் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டாகச் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1951-லிருந்து அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்கள் வரத் தொடங்கின. வங்காளத்தில் ஆஸன்ஸாலிலிருந்து ராலே வந்தது. அந்தக் காலத்து வண்டிகள் கனமானவை. கறுப்பு எனாமல் பூசியவை. தகப்பனார் ஓட்டி, பிள்ளை ஓட்டி, பேரன் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவை. உள்ளாட்சி மன்றங்கள் அவற்றுக்கு வரி போட்டு, வருஷா வருஷம் வில்லை கொடுத்தன. வீட்டுக்கு ஒரு சொத்து என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட வாகனம் அது.

சொத்து என்றால் பராமரிப்பு வேண்டும். அதற்காக ஊருக்கு ஊர் சைக்கிள் கடை இருந்தது. மணிக் கணக்கில் வாடகைக்கும் விடுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை சொந்த வண்டியைப் பிரித்துக் கழுவிப் பூட்டியும் கொடுப்பார்கள். இதற்கு இங்கிலீஷில் 'ஓவர்ஹால்' என்று பெயர். நம் கடைகளில் அது 'ஓவராயில்' ஆகிவிட்டது. ஓவராயில் பார்க்கும் கடைகளில் துருவுக்கு இரண்டு விதமான வைத்தியம் பார்த்திருக்கிறேன். அவசர வைத்தியம் ஒன்று, நிதான வைத்தியம் ஒன்று. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கடை ஒன்றில் ஒரு பையன் கேட்டான்:

"அண்ணாச்சி, பேசாம ஆசிட்டை ஊத்திரலாமா?"

"ஊத்தலாம் தம்பி. துரு போயிரும். அதுக்குப் பின்னாலேயே ரிம்மும் போயிரும்."

ரசாயன நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அண்ணாச்சி ஒரு வரியில் சொல்லிவிட்டார். இந்தக் கட்டுரை முழுவதுமே அந்த வரிக்கு உரைதான்.

நிதான வைத்தியத்துக்கு நம் நாட்டில் நீண்ட சரித்திரம் உண்டு. பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்காத வீடு இல்லை. தட்டார் வெள்ளியைப் பழுக்கக் காய்ச்சிப் புளித் தண்ணீரில் இட்டு வெளுப்பார். சித்த வைத்தியர்கள் இரும்பை மருந்தாக்குவதற்கு முன், எலுமிச்சம்பழச் சாறு, புளியிலைச் சாறு, காடி போன்ற புளிப்புகளில் ஊறவைத்துச் சுத்தி செய்தார்கள். சோகைக்குக் கொடுத்த அயச்செந்தூரம் இப்படிப் பிறந்ததுதான். பழைய இரும்புக் கிட்டத்துக்கு மண்டூரம் என்று பெயர் சூட்டி, நூறு வருஷத்துக் கிட்டமே உத்தமம் என்று எழுதிவைத்தார்கள். நாம் காயலான் கடைக்குப் போடுவதை அவர்கள் மருந்துப் பெட்டியில் வைத்தார்கள்!

நெசவு ஊரைச் சொன்னேன் அல்லவா? துணிக்கும் துருவுக்கும்கூட ஓர் உறவு உண்டு. காளஹஸ்தியில் துணியில் சித்திரம் எழுதும் கலம்காரிக் கலைஞர்கள் கறுப்பு மையை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? துருப் பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு தண்ணீரில் போட்டுப் பானையில் மூடி, இரண்டு மூன்று வாரம் புளிக்க வைப்பார்கள். வெல்லம் புளித்துக் காடியாகும். காடி இரும்பைக் கரைக்கும். கடுக்காய்ச் சாறு ஏற்றிய துணியில் அந்த நீரைத் தொட்டு எழுதினால், எழுதிய இடம் கண்ணெதிரே கறுக்கும். கடுக்காயை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆக, புளிப்பு இரும்பைக் கரைக்கும் என்பது நம் பாட்டிமார்களுக்கும் தட்டார்களுக்கும் சாயக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. புளிப்புக்குள் இருப்பது என்ன என்பதை ஆராய்ந்து சொன்னவர் வெகு தூரத்தில், குளிர் நாட்டில் இருந்தார். ஸ்வீடன் தேசத்தில் மருந்துக் கடை நடத்திய கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்பவர் அவர். திராட்சைக் கசடிலிருந்து டார்டாரிக் அமிலத்தை 1769-ல் பிரித்தார். நம் புளியின் புளிப்புக்கும் அதுவே காரணம். 1776-ல் ஆக்ஸாலிக் அமிலம். 1780-ல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலம். 1784-ல் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம். இதெல்லாம் போதாதென்று பிராணவாயுவையும் அவர் தனியே கண்டுபிடித்தார். பிரீஸ்ட்லி முந்திக்கொண்டு பிரசுரித்துவிட்டதால் பெயர் அவருக்குப் போயிற்று. துருவுக்குக் காரணமான வாயுவையும், துருவைக் கரைக்கும் அமிலங்களையும் ஒரே மனிதர் கண்டார் என்பது சரித்திரம் செய்த வேடிக்கை. 1786-ல், நாற்பத்து மூன்றாவது வயதில், ஷீலே காலமானார்.

இனி அண்ணாச்சியின் வரிக்கு வருவோம். கக்கூஸ் கழுவ வாங்கும் உப்புத் திராவகமும் துருவைக் கரைக்கிறது, எலுமிச்சையும் கரைக்கிறது. வித்தியாசம் என்ன? திராவகத்துக்குப் பொறுமை கிடையாது. துருவைத் தின்ற வாயோடு கீழே இருக்கிற நல்ல இரும்பையும் தின்னும். அப்போது குமிழி குமிழியாக வாயு கிளம்பும், அது ஹைட்ரஜன். கடினமாகப் பதப்படுத்திய எஃகாக இருந்தால், அந்த வாயு உலோகத்துக்குள்ளேயே புகுந்துகொண்டு, பார்வைக்கு ஒன்றும் தெரியாமல், ஒரு நாள் திடீரென்று முறிய வைக்கும். சீட்டு ஸ்பிரிங்கையும் பால்ஸ் குண்டுகளையும் திராவகத்தில் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். அதோடு திராவகத்தின் மிச்ச உப்பு இரும்பின் நுண்ணிய பள்ளங்களில் தங்கி, மறு நாளே புதிய துருவுக்கு அஸ்திவாரம் போடும்.

எலுமிச்சையும் புளியும் சாது. எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் அமிலம். புளியில் 100 கிராமுக்கு 8 முதல் 18 கிராம் வரை டார்டாரிக் அமிலம் இருக்கும். இவை துருவைக் கரைப்பதோடு, கரைந்த இரும்பைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நீரோடு போய்விடும். திரும்பவும் படிய விடாது. நல்ல இரும்பையும் அவை தொடாமல் இருப்பதில்லை. ஆனால் மெதுவாகத் தொடும். அந்த மெதுவில்தான் நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. சாது என்பதற்காக இரண்டு நாள் மறந்துவிட்டால் சாதுவும் மிரளும்; குழி விழுந்த கிராங்கைத்தான் வெளியே எடுப்பீர்கள்.

இன்று சந்தையில் 'எலுமிச்சை உப்பு' என்று வெள்ளைச் சர்க்கரை போல விற்கிற சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலிருந்து வருவதில்லை. 1919-ல் அமெரிக்காவில் ஃபைசர் கம்பெனி, சர்க்கரையில் ஒரு கறுப்புப் பூஞ்சணத்தை வளர்த்து அதைச் செய்யத் தொடங்கியது. அது வரை இத்தாலியின் எலுமிச்சைத் தோட்டங்கள்தான் உலகத்துக்குச் சிட்ரிக் அமிலம் கொடுத்தன. வீட்டில் பழைய சைக்கிளை வைத்திருக்கும் வாசகருக்கு இந்த உப்பே சௌகரியம்.

செய்முறை பெரிய வித்தையல்ல. பாகங்களைப் பிரித்து, மண்ணெண்ணெயாலும் சோப்பாலும் பிசுக்கைப் போக்க வேண்டும். எண்ணெய் இருக்கிற இடத்தில் புளிப்பு வேலை செய்யாது. பிளாஸ்டிக் வாளியிலோ மண் பானையிலோ ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, பாகங்கள் முழுவதும் முங்கும்படி போட வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நீர்மட்டத்தில் கோடு விழும். அலுமினியப் பாத்திரம் உதவாது. பெல்லையும் அலுமினியப் பாகங்களையும் உள்ளே போடக் கூடாது. எனாமல் பூசிய பாகங்களைப் போடாதிருப்பது உத்தமம், பூச்சைக் கிளப்பிவிடும். மணிக்கு ஒரு தரம் எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துரு தளர்ந்து, கீழே சாம்பல் நிற உலோகம் தலை காட்டினால் போதும். வெற்று இரும்பிலிருந்து விடாமல் குமிழி வருகிறதென்றால், இனி அது துருவைத் தின்னவில்லை, சைக்கிளைத் தின்கிறது என்று அர்த்தம். உடனே வெளியே எடுக்க வேண்டியதுதான். எந்தக் காரணத்தைக் கொண்டும் பிளீச்சிங் பவுடரை இதோடு கலக்கக் கூடாது. விஷ வாயு கிளம்பும்.

அந்தச் சீமைக்கென்று தனியாக இரண்டு எச்சரிக்கை உண்டு. பித்தளைக்குத் தேய்க்கும்போது புளியோடு உப்பையும் சேர்ப்பது நம் வழக்கம். இரும்புக்கு அது ஆகாது. உப்பு எதிரி என்று மேலேயே சொல்லிவிட்டேன். இரண்டாவது, கழுவுகிற தண்ணீர். உவர்க் கிணற்று நீரில் அலசினால் நாலு மணி நேர வேலை நாற்பது நிமிஷத்தில் வீணாகும். பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ குடி தண்ணீரோ வேண்டும். குடிக்கிற தண்ணீரைச் சைக்கிளுக்கு ஊற்றுவதா என்று அங்கே வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். அந்தத் தண்ணீரைச் சுமந்து வந்ததே இந்தச் சைக்கிள்தானே என்று பதில் சொல்லிப் பார்க்கலாம். நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

அலசிய பிறகு சலவைச் சோடா கரைத்த நீரில் ஒரு முக்கு. பழைய நாளில் அடுப்புச் சாம்பலைக் கரைத்த நீர் இந்த வேலையைச் செய்தது. மிஞ்சிய புளிப்பை அது முறித்துவிடும். பிறகு தாமதம் இல்லாமல் துடைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். சுத்தமான இரும்பு பச்சைக் குழந்தை மாதிரி; ஈரத்தோடு கால் மணி நேரம் விட்டால் மஞ்சள் பூத்துவிடும். வெயிலுக்கு மட்டும் அருப்புக்கோட்டையில் பஞ்சமில்லை. சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசிவிட வேண்டும்.

சரி, துருவை முழுவதும் எடுத்தே தீர வேண்டுமா? இங்கேதான் கடுக்காய் திரும்பி வருகிறது. கடுக்காயின் துவர்ப்பு துருவோடு சேர்ந்தால் கருநீல நிறத்தில் கரையாத படலம் ஒன்று உண்டாகும். அது கீழே உள்ள இரும்புக்குப் போர்வையாகிறது. துணியில் கலைஞர் செய்ததை இரும்பின் மேல் செய்வதுதான் இது. இன்று பொருட்காட்சிச் சாலைகளில் பழைய இரும்புச் சாமான்களுக்கு இதே தத்துவத்தில் டானிக் அமிலம் பூசுகிறார்கள். பாஸ்பாரிக் அமிலமும் இப்படித்தான். பர்மிங்ஹாமில் காஸ்லெட் என்பவர் 1906-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பிற்காலத்தில் ராலே கம்பெனி தன் சைக்கிள்களுக்கு எனாமலுக்கு அடியில் இத்தகைய பாஸ்பேட் பூச்சைக் கொடுத்தது. டில்லியில் 1600 வருஷமாக நிற்கிற இரும்புத் தூண் அழியாமல் இருப்பதற்கும், அந்தக் காலத்துக் கொல்லர்களின் இரும்பில் பாஸ்பரஸ் தூக்கலாக இருந்து தானே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியதுதான் காரணம் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். தூணின் மேல் இருப்பதும் ஒருவகைத் துருதான். ஆனால் காவலுக்கு நிற்கிற துரு.

துருவைத் தொடவே கூடாத இடமும் உண்டு. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுத்த இரும்பு ஆயுதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு காலம் மண்ணில் கிடந்த இரும்பில் பல சமயம் உலோகம் என்று எதுவுமே மிஞ்சியிருப்பதில்லை. வாளின் விளிம்பும் ஈட்டியின் முனையும் துருவுக்குள்தான் உருவமாக நிற்கும். அதைப் புளித் தண்ணீரில் போட்டால் தண்ணீர்தான் மிஞ்சும். சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. அறிஞர்கள் அதை விவாதிக்கிறார்கள். அந்த விவாதம் முழுவதும் நமக்குக் கிடைத்ததே, யாரும் சுத்தம் செய்யாமல் விட்ட துருவின் தயவால்தான்.

வாளுக்குத் துருவே உடம்பு. சைக்கிளுக்குத் துரு சுமை. இரண்டையும் பகுத்துப் பார்ப்பதே விவேகம். சைக்கிளிலும்கூடப் புளிப்பு ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடும். ஃபோர்க்கிலும் ஃபிரேம் குழாயிலும் துருவை எடுத்த பின் ஊசிமுனை ஓட்டை தெரிந்தால், அல்லது விரலால் அழுத்தினால் தகடு அமுங்கினால், அந்த வண்டியில் இனி ஆள் ஏறக் கூடாது. வர்ணம் பூசி மறைத்தால், இரண்டு குடத்தோடும் பின்னால் ஒரு குழந்தையோடும் போகும்போது நடுரோட்டில் அது முறியும். நல்ல கடைக்காரர் அதைச் சொல்லிவிட்டு, கூலி வாங்காமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மற்றபடி, குழாய் திடமாக இருந்தால், முலாம் உரிந்த ரிம்மைப் பற்றியும் புள்ளி விழுந்த ஹேண்டில்பாரைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். பளபளப்பு கண்காட்சிக்கு, சுழற்சி பிழைப்புக்கு.

2001-02-ம் கல்வியாண்டிலிருந்து தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்து வருகிறது. படிப்பு முடிந்ததும் அவற்றில் எத்தனையோ வண்டிகள் வீட்டுக் கொல்லையில் சாய்ந்து நிற்கின்றன. மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது; ஓவராயில் கடைகளும் குறைந்துவிட்டன. அப்படி நிற்கிற வண்டியில் ஒன்றையாவது இந்த மழைக்கு முன் பிரித்துப் பாருங்கள். செலவு கொஞ்சம் எலுமிச்சை உப்பும், ஒரு பகல் வெயிலும், முடிவில் நாலு சொட்டு எண்ணெயும்தான். முதல் இரண்டும் துருவை எடுக்கத்தான் உதவும். அது திரும்பி வராமல் காக்கிறது கடைசியில் விடுகிற எண்ணெய். ஆகையால் கடைப் பலகையில் 'ஓவராயில் செய்யப்படும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, எழுத்துப் பிழை என்று சிரிக்க வேண்டாம். எழுதியவர் தொழிலை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறார்.